நான் யாருடைய கஸ்டமர்

எங்கள் காரைக்கால் வணிகர்கள் சேர்ந்து கொண்டுவரும் ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று கேட்டார்கள். கேட்டவர் மலரின் பொறுப்பாளர், பாத்திரக்கடை வைத்திருப்பவர். “கஸ்டமர்ங்கிற வார்த்தையப் பத்தி எழுதுங்க சார். எங்கேருந்து வந்துச்சு, என்ன அர்த்தம், யாரு யாரு எப்படிச் சொல்றாங்க, அந்த மாதிரி. ஒரு பக்கம் போதும். கவித மாதிரி வேணாம்,” என்றார். கடைசி வாக்கியத்தை மட்டும் குரலைத் தணித்துச் சொன்னார், எதிரில் இருப்பவரின் உடம்பில் உள்ள ஒரு குறையைக் குறிப்பிடுவதுபோல.

அந்தக் குறை எனக்கு உண்டு. உரைநடையிலேயே கவிதை எழுதுகிறவன் நான். கவிஞர்கள் என்னை உரைநடைக்காரன் என்று அந்தப் பக்கம் தள்ளுவார்கள்; உரைநடைக்காரர்கள் கவிஞன் என்று இந்தப் பக்கம் தள்ளுவார்கள். நடுவில் கொஞ்சம் காற்றில் இருப்பேன். அந்தக் காற்றுதான் என் சுதந்திரம் என்று ஐம்பதை நெருங்கும் வயதிலும் சொல்லிக்கொண்டு திரிகிறேன். ஒரே நாற்காலியில் தொடர்ந்து உட்கார மாட்டேன். ஒரே பேனாவில் எழுத மாட்டேன். ஒரு வாக்கியத்தைத் தொடங்கிவிட்டு மொட்டை மாடிக்குப் போய்விடுவேன். அது பாதியில் தொங்கிக்கொண்டு கிடக்கும். நான் நம்ம ஊர்க் கடற்காற்று மாதிரி, காலையில் ஒரு பக்கம், மாலையில் ஒரு பக்கம் என்று நண்பர்களிடம் பெருமையாகச் சொல்வதுண்டு. நாள் தவறாமல் அதே நேரத்துக்குத் திசை மாறும் காற்றைவிடப் பழக்கத்துக்கு அடிமையான பொருள் உலகத்தில் வேறு இல்லை என்பது, அந்த உவமையைச் சொல்லிக்கொண்டிருந்த இத்தனை வருஷத்தில் எனக்குத் தோன்றவே இல்லை.

அகராதிகளை எடுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். கஸ்டமருக்குள் இருப்பது ‘கஸ்டம்’. வழக்கம், பழக்கம். ஆங்கிலத்துக்கு அது பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது, பிரெஞ்சுக்கு லத்தீனிலிருந்து. லத்தீனில் இன்னும் கீழே தோண்டினால் அடியில் ‘தன்னுடைய’ என்கிற பொருள் கிடக்கிறது. ஒன்றைத் திரும்பத் திரும்பச் செய்து தன்னுடையதாக ஆக்கிக்கொள்வது பழக்கம். அப்படித் திரும்பத் திரும்ப வருகிறவர் கஸ்டமர். ஒருநாள் மழைக்கு ஒதுங்கியவர் ஒரு தேங்காய்த் துருவியை வாங்கிக்கொண்டு போனால், பழைய கணக்கில் அவர் வெறும் ஆள்தான். அடுத்த தீபாவளிக்கும் அதே கடைப்படி ஏறினால்தான் அந்தப் பட்டம்.

இந்தச் சொல்லுக்கு உடன்பிறப்புகள் வேறு இருக்கின்றன. நாடகக்காரர்கள் போடும் ‘காஸ்ட்யூம்’ இதே வயிற்றுப் பிள்ளைதான்: வழக்கமாக உடுத்துவது. சுங்கத்துக்கான ‘கஸ்டம்ஸ்’ இன்னொன்று: வழக்கமாகக் கட்டவேண்டியது. ஒருகாலத்தில் இங்கிலாந்தில் கஸ்டமர் என்றால் துறைமுகத்தில் உட்கார்ந்து சுங்கம் வாங்கும் அதிகாரியையும் குறித்திருக்கிறது. வடக்கே போனாலும் தெற்கே போனாலும் எல்லைச் சாவடியில் இறங்கி, பையில் பிராந்தி பாட்டில் இல்லை என்று திறந்து காட்டிப் பழகிய எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

எதிர்வீட்டில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிற பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் கேட்டேன். “நாங்க கிளியான்னுதான் சொல்லுவோம். கஸ்டமர்லாம் இங்கிலீஷ்காரன் வேல,” என்று முகத்தைச் சுளித்தார். இங்கிலீஷ்காரனுக்கு அந்த வேரைக் கொடுத்ததே உங்கள் பிரெஞ்சுதான் என்று சொல்லி அவருடைய காலைக் காபியைக் கசக்கவைக்க மனம் வரவில்லை. ஆங்கிலத்தில் ‘கிளையண்ட்’ ஆகியிருக்கும் கிளியானும் லத்தீன்தான். ரோமாபுரியில் பெரிய மனிதர் ஒருவரை அண்டிப் பிழைத்தவருக்கு அந்தப் பெயர். காலையில் எழுந்ததும் அவர் வாசலில் போய் நின்று வணக்கம் சொல்லவேண்டும், கொடுத்ததை வாங்கிக்கொள்ளவேண்டும். வாசலில் நின்று பாடிப் பரிசில் பெற்ற கூட்டத்தில் வந்தவன் என்று மேடைதோறும் சொல்லிக்கொள்கிற எனக்கு அது உறவுக்காரர் வீட்டுக் கதை மாதிரிதான் இருந்தது.

ஊருக்குள் யார் எப்படிச் சொல்கிறார்கள் என்றும் ஒரு சுற்று சுற்றி வந்தேன். பஸ் ஸ்டாண்டு ஆட்டோக்காரருக்கு நான் சவாரி. துணிக்கடைக்காரருக்குப் பார்ட்டி. காய்கறி மார்க்கெட்டில் கிராக்கி. என் செல்போன் கம்பெனிக்கு மதிப்பிற்குரிய கஸ்டமர். அதைச் சொல்லும் பெண்குரலை நான் ஒருமுறைகூட நேரில் பார்த்ததில்லை, மதிப்பை மட்டும் தவறாமல் வாங்கிக்கொள்கிறேன். கொஞ்சம் கோணலான ஆளை ‘சரியான கஸ்டமர்டா அவன்’ என்று நம் பையன்கள் சொல்கிறார்கள். அதையும் ஆங்கிலத்தில் வெள்ளைக்காரர்களே நெடுங்காலமாகச் சொல்லி வந்திருக்கிறார்கள்.

கடைசியாகத் தமிழுக்கு வந்தேன். வாடிக்கையாளர் என்பது பேங்குப் பலகையில் ஏறுவதற்காக நீட்டப்பட்ட சொல். எங்கள் பக்கம் வாடிக்கை என்றாலே ஆளையும் குறிக்கும், வீட்டையும் குறிக்கும். வாடிக்கையின் பொருள் என்ன? வழக்கம். பழக்கம். இரண்டு மொழிகள் ஒன்றையொன்று கேட்டுக்கொள்ளாமல் ஒரே முடிவுக்கு வந்திருந்தன. கடைக்காரனுக்குப் பிடித்த மனிதன் பழக்கத்தின் பிள்ளை.

இந்த இடத்தில் எனக்கு ஒரு ரோஷம் வந்தது. ‘அப்படியானால் நான் யாருடைய கஸ்டமரும் அல்ல’ என்று ஒரு வாக்கியம் எழுதினேன். எழுதியது பிடித்துப்போய்விட்டது. பிடித்துப்போனால் செய்யும் வழக்கப்படி மொட்டை மாடிக்குப் போனேன்.

மாடியிலிருந்து தெருவைப் பார்த்தபோதுதான் என் உண்மையான கவலை ஞாபகத்துக்கு வந்தது. அந்த வாரம் முழுக்க மீன்கார அக்கா வரவில்லை.

இதை விளக்கவேண்டும். என் மனைவி நாகப்பட்டினத்தில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். காலை பஸ்ஸுக்குப் போனால் பொழுது சாயத்தான் வருவாள். நான் வீட்டில் இருக்கிறேன். நான் எழுதுவதாக வெளியில் சொல்லிக்கொள்கிறோம். வீட்டுக்குள் எனக்கு இருக்கும் உத்தியோகம் ஒன்றே ஒன்று: வாசலில் மீன் வாங்கிக் குழம்பு வைப்பது. எழுத்து, அந்த உத்தியோகத்துக்கு நடுவில் எனக்கு அனுமதிக்கப்பட்ட ஓய்வு. என் குழம்பைப் பற்றி அவள் அலுவலகத்தில் நல்ல பெயர் இருக்கிறது. என் புத்தகங்களைப் பற்றி அங்கே யாருக்கும் தெரியாது. ஒரு வாரமாகச் சாம்பார் வைத்துக் கொடுத்து அனுப்பிக்கொண்டிருந்தேன். அன்று காலை அவள் செருப்பை மாட்டிக்கொண்டே சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

“அந்த அக்காவுக்கு என்ன ஆச்சுன்னு பாருங்க. வேற யாரையாவது வர வைங்க. மீனு நின்னுபோன வீடுன்னு பேரு வாங்கிடாதீங்க.” கேட் வரைக்கும் போய்த் திரும்பிப் பார்த்து, “அப்புறம் நீங்க வீட்ல என்ன பண்றீங்கன்னு கேட்டா நான் என்னத்தச் சொல்றது,” என்றாள்.

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் என் உத்தியோகம் ஆடிக்கொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்துத் தெருமுனையில் குரல் கேட்டது. அக்காவின் குரல் இல்லை. பச்சைப் புடவை கட்டிய வேறொரு பெண், தலையில் அலுமினிய அன்னக்கூடை. மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாவி இறங்கி, மீன் வாங்கும் ஏனத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினேன்.

“என்னம்மா மீனு இருக்கு?”

அவள் நடையைக் குறைத்தாள். என்னைப் பார்க்கவில்லை. வீட்டைப் பார்த்தாள், கேட்டைப் பார்த்தாள். “இது யாரு வாடிக்க வூடுங்க?”

“யாரு வாடிக்கையும் கிடையாது. என் வீடு.”

“அதெப்புடிங்க. வூடுன்னு இருந்தா வாடிக்கைன்னு ஒருத்தங்க இருப்பாங்கல்ல.”

எதிர்வீட்டு வாசலில் நின்றிருந்த பெரியவர் உதவி செய்கிறேன் என்று நினைத்துக் குரல் கொடுத்தார். “மேட்டுலேருந்து வரும்ல, ரெண்டு மூக்குத்தி போட்ட அம்மா, அதோட வூடு.”

“அந்தக்கா வூடா?” அவள் நடையைக் கூட்டினாள். “வேணாம் சாமி. நாளைக்கு ஏலத்துல அந்தக்கா மொகத்துல நான் முழிக்கணும்.”

“அவங்கதான் வரலையே. ஒரே ஒரு கூறு குடுத்துட்டுப் போங்க. யாருக்குத் தெரியப்போவுது?”

“நீங்களே சொல்லிப்புடுவீங்க,” என்றாள். “உங்களப் பத்தி அக்கா சொல்லியிருக்கு.”

போய்விட்டாள். வெறும் ஏனத்தோடு வாசலில் நின்றேன். யாருடைய கஸ்டமரும் அல்ல என்று அறிவித்த அரைமணி நேரத்துக்குள், என் வீடு இன்னொருவருக்குச் சொந்தம் என்பது தெருவுக்கே தெரிந்திருந்தது. அதையும் தாண்டி என்னைக் குடைந்தது வேறு. என்னைப் பற்றி அக்கா என்ன சொல்லியிருக்கும்? எழுத்தாளர் என்றா? நல்ல மனுஷன் என்றா? என் புத்தகத்துக்கு விமர்சனம் வந்தால்கூட நான் இப்படித் தவித்ததில்லை. பெரும்பாலும் வருவதில்லை என்பது வேறு விஷயம். வண்டியை எடுத்தேன்.

அக்காவின் மீனவ ஊரான காரைக்கால்மேட்டுக்கு எங்கள் தெருவிலிருந்து அதிக தூரமில்லை. கடல் பக்கத்தில் இருக்கிறது என்று எழுத்தில் வாரம் தவறாமல் சொல்கிற நான், காலை ஏல நேரத்தில் அங்கே போனது மிகக் குறைவு. படகுகளிலிருந்து மீன் இறங்கிக் குவியல் குவியலாகக் கிடந்தது. ஏலம் விடுகிறவர் ஒவ்வொரு குவியலாகக் காலால் தொட்டுக்கொண்டு நகர, சுற்றி நின்ற பெண்கள் கண்ணாலேயே கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு புருவம் ஏறினால் விலை ஏறியது. நான் யாரைப் பார்த்தும் புருவத்தைத் தூக்காமல் கவனமாக நடந்தேன். தெரியாத்தனமாக ஒரு திருக்கையை வாங்கித் தொலைக்கக் கூடாதே.

அக்கா ஓரமாக ஒரு பிளாஸ்டிக் தொட்டியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்திருந்தாள். வலது முட்டியில் துணிக்கட்டு. அவளுக்கு எதிரே இரண்டு பேர் குந்தியிருந்தார்கள். ஒருத்தி அவளுடைய மருமகள். ஒருமுறை அக்காவோடு எங்கள் தெருவுக்கு வந்திருக்கிறாள். இன்னொருத்தி ஓரகத்தி, அக்காவின் கொழுந்தன் மனைவி, வெற்றிலை போட்ட வாய். பக்கத்தில் ஐஸ் பெட்டிகள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. நலம் விசாரிக்க எப்படித் தொடங்குவது என்று ஒரு நல்ல வாக்கியத்தை யோசித்தபடி பெட்டிகளுக்குப் பின்னால் நின்றேன். யோசித்ததால் கேட்டேன்.

“முட்டிய அறுத்துத்தான் ஆவணும்னு டாக்டர் சொல்லிட்டாரு. இனிமே தலையில தூக்க முடியாது,” என்று அக்கா சொல்லிக்கொண்டிருந்தாள். “ஆசுபத்திரிக்குப் போறதுக்குள்ள பிரிச்சிட்டுப் போயிடுறேன். பொறவு ரெண்டு பேரும் தெருவுல நின்னு மயிரப் புடிச்சிக்கக் கூடாது.”

பிரிப்பது எங்களைத்தான். அவளுடைய வாடிக்கை வீடுகளை. நிலம் பிரிப்பதுபோல, நகை பிரிப்பதுபோல, வீடு வீடாகச் சொல்லி இருவருக்கும் கொடுத்துக்கொண்டிருந்தாள். மாடிவீட்டு டாக்டர், மருமகளுக்கு. பேங்க் மேனேஜர், ஓரகத்திக்கு. பென்ஷன்காரர், மருமகளுக்கு. ஒவ்வொரு பெயருக்கும் இருவரும் வாய் திறந்தார்கள், முறைத்தார்கள், பேரம் பேசினார்கள். டாக்டர் வீட்டுக்காக ஓரகத்தி கண்ணில் தண்ணீரே வைத்துவிட்டாள்.

“அடுத்தது, அந்த எழுதுறவரு வூடு.”

இருவரும் கடலைப் பார்த்தார்கள்.

“யாராவது ஒருத்தி சொல்லுங்கடி.”

“மருமவளுக்கே குடுத்துரு க்கா,” என்றாள் ஓரகத்தி. “சின்னப் பொண்ணு. நின்னு பதில் சொல்லும்.”

“எனக்கு வேணாங்க அத்த. புள்ளைய ஸ்கூல்ல விட்டுட்டு நான் ஓடணும். அவரு ஒரு கெளுத்தியத் தூக்கி வச்சிகிட்டு அதுக்கு ஏன் மீசைன்னு கேப்பாருன்னு நீங்கதான சொன்னீங்க.”

“கேப்பாருதான். பதில் சொல்லலன்னா அவரே ஒரு பதில் சொல்லுவாரு. அதுக்கும் நின்னு தலைய ஆட்டணும்.”

“பாத்தியா,” என்றாள் ஓரகத்தி.

அக்கா யோசித்தாள். “சரி, இப்புடி வச்சிக்குவோம். அந்த வூட்ட யாரு எடுத்துக்குறாளோ, அவளுக்கு மேனேஜர் வூட்டையும் சேத்துத் தந்துடுறேன்.”

ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று துணிக்கடையில் பார்த்திருக்கிறேன். இலவசம் என்று ஏதாவது மட்டமான கைக்குட்டையைத்தான் கொடுப்பார்கள். இங்கே கைக்குட்டையை வாங்கிக்கொண்டால் பட்டுப்புடவை இலவசம். அப்படியும் ஓரகத்தி மசியவில்லை.

“மேனேஜர் ஏற்கெனவே எனக்குன்னு சொன்னதுதான. மேனேஜர மட்டும் குடு.”

ஐஸ் பெட்டியிலிருந்து தண்ணீர் சொட்டி என் செருப்பு நனைந்திருந்தது. காலை உதறினேன். மூன்று பேரும் திரும்பினார்கள். அவர்கள் கூச்சப்படுவார்கள், பேச்சை மாற்றுவார்கள் என்று எதிர்பார்த்தேன்.

“வாங்க தம்பி,” என்றாள் அக்கா. “உங்களப் பத்திதான் பேசிகிட்டிருக்கோம்.”

“கேட்டுச்சு.”

“கேட்டுச்சுல்ல. அப்ப நல்லதாப் போச்சு. நீங்களே சொல்லுங்க, உங்கள நான் யாருகிட்ட தள்ளுறது?”

முட்டியைப் பற்றி விசாரித்தேன். அவள் விசாரணையைக் கையால் ஒதுக்கிவிட்டாள். நான் மெதுவாக, என்மீது அப்படி என்னதான் குறை, விலையைக் குறைத்துக் கேட்டிருக்கிறேனா, மீனைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேனா என்று கேட்டேன்.

“அதெல்லாம் செஞ்சாக்கூடப் பரவால்ல தம்பி. அதுக்கு ஒரு பதில் எங்ககிட்ட இருக்கு.” அவள் ஏலக் கூட்டத்தைக் காட்டினாள். “அங்க நிக்கிறப்ப எனக்கு மீனு தெரியாது, வூடுதான் தெரியும். கொடுவா வந்தா டாக்டரு வூடு. சங்கரா வந்தா மேனேஜரு. அந்தந்த வூட்ட நெனச்சிகிட்டுத்தான் துணிஞ்சி கேக்குறது. உங்க வூட்ட நெனச்சா எனக்கு ஒண்ணுந் தோண மாட்டேங்குது. நேத்து கிழங்கா நல்லாருந்துச்சுன்னீங்களேன்னு கிழங்கா கொண்டாந்தா, நேத்துதானக்கா சாப்புட்டோம்பீங்க. சரின்னு நண்டு கொண்டாந்தா, இன்னிக்கு மழ வர்ற மாதிரி இருக்கு, நெத்திலி இல்லையாம்பீங்க. உங்களுக்குன்னு எடுத்தாந்த மீனு எத்தன நாளு எங்க வூட்டுக் கொழம்புல வெந்திருக்கு தெரியுமா?”

“மனசுன்னு ஒண்ணு இருக்குல்லக்கா. அது தினமும் ஒரே மாதிரி இருக்குமா? கடலே ஒரே மாதிரி இல்லையே.”

கேட்டவுடன் எனக்கே அழகாகத் தோன்றியது. குறித்துக்கொள்ளலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தேன்.

“உங்க மனசுக்கு நாங்க எந்தப் படகுல போயி ஏலம் எடுக்குறது?” என்றாள் ஓரகத்தி.

குவியலுக்கு அந்தப் பக்கம் நின்ற நாலைந்து பெண்கள் சிரித்தார்கள். அவர்களில் பச்சைப் புடவையும் இருந்தாள். எங்கள் தெருவைச் சீக்கிரமே முடித்துக்கொண்டு, மிச்சத்துக்கு மீன் எடுக்க வந்துவிட்டாள் போலிருக்கிறது. “காலையில என்னக் கூப்புட்டாருக்கா. நான் நிக்கலியே,” என்று சாட்சி சொன்னாள்.

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபத்தைவிடக் களைப்புதான் அதிகம். “சரி. இப்ப ஒண்ணு சொல்லுங்க. கெழமைக்கு இன்ன மீனுன்னு சொல்லுங்க. சொன்னா மாறக் கூடாது. அப்புடின்னா இதுங்கள்ல ஒருத்திய நான் ஒத்துக்க வைக்கிறேன்.”

எளிமையான கேள்வி. ஊரில் பிறந்த எவரும் யோசிக்காமல் சொல்லிவிடுவார்கள். நான் யோசித்தேன். ஞாயிற்றுக்கிழமைக்கு இறால் என்று தொடங்கினேன். உடனே, பௌர்ணமியை ஒட்டி வரும் ஞாயிறுகளில் நண்டுதானே என்று இடையில் தோன்றியது. புதனுக்கு மத்தி என்றேன். மழைக்காலப் புதனும் வெயில்காலப் புதனும் எப்படி ஒன்றாகும் என்று நானே மறுத்தேன். வியாழக்கிழமையை அப்போதைக்குத் திறந்து வைத்துக்கொள்ளலாம் என்றேன். பேசப் பேச, மருமகள் கூடையை எடுத்துக்கொண்டு எழுந்திருக்கத் தொடங்கினாள். எனக்கு உண்மையாகவே பயம் வந்தது. இந்தக் கரையில் யாரும் என் வாசலுக்கு வரப்போவதில்லை. இனி வாழ்நாள் முழுக்கச் சாம்பார். சாம்பாருக்கு யாரும் என்னை எழுதவிட மாட்டார்கள்.

“வேணாம் தம்பி. விடுங்க,” என்றாள் அக்கா. “வூட்டுக்காரம்மாவுக்குப் போனப் போடுங்க.”

“அவ ஆபீஸ்ல இருப்பா.”

“போடுங்க.”

போட்டேன். ஸ்பீக்கரில் வைக்கச் சொன்னாள். மனைவியின் குரல் கடற்கரைக்கு வந்தது, பின்னால் அலுவலகத்து மின்விசிறிச் சத்தத்தோடு. அக்கா விஷயத்தை நாலு வார்த்தையில் சொன்னாள். மறுமுனையில் யோசனை என்று எதுவும் இல்லை.

“புதன்கெழம கிழங்கா. வியாழக்கெழம நெத்திலி. ஞாயித்துக்கெழம சங்கரா, கெடைக்கலன்னா நண்டு. மத்த நாளு வேணாங்கா. மொதல்ல உங்க காலப் பாருங்க, டாக்டரு எந்த ஆசுபத்திரின்னு சொல்லியிருக்காரு?”

இருவரும் கொஞ்ச நேரம் ஆசுபத்திரியைப் பற்றிப் பேசினார்கள். போனைப் பிடித்துக்கொண்டிருப்பது என் வேலை. வைப்பதற்கு முன் மனைவி சொன்னாள்: “அவரு வாசல்ல நின்னு மாத்திக் கேட்டாக் குடுக்காதீங்க. நான் சொன்னேன்னு சொல்லிடுங்க.”

போனைப் பையில் வைத்தேன். முதலில் அசைந்தவள் ஓரகத்தி. வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தாள். “அப்ப அந்த வூட்ட எனக்கே குடுத்துரு க்கா. கெழம தவறாத வூடு.”

“இப்பத்தான வேணான்ன?”

“அப்ப அவரு வூடுன்னு நெனச்சேன்.”

“அத்த, என்னத்தான மொதல்ல கேட்டீங்க,” என்று மருமகள் கூடையைக் கீழே வைத்தாள். “நான் யோசிச்சிகிட்டுல்ல இருந்தேன்.”

“யோசிச்ச மொகரயப் பாரு. கூடையத் தூக்கிட்டுல்ல கெளம்புன.”

எனக்காக இரண்டு பெண்கள் சண்டை போட்டது வாழ்க்கையில் அதுவே முதல்முறை. அதுவும் எனக்காக இல்லை என்பதை இருவரும் தெளிவாகச் சொல்லிக்கொண்டுதான் போட்டார்கள். பயந்ததெல்லாம் இந்தச் சண்டைக்குத்தான் என்பதுபோல அக்கா முட்டியைப் பிடித்துக்கொண்டாள். பிறகு தீர்ப்பு சொன்னாள். மேனேஜர் வீடு ஓரகத்திக்கே, அதில் மாற்றமில்லை. எங்கள் வீடு மருமகளுக்கு, ஏனென்றால் டாக்டர் வீட்டுக்குப் போகும் வழியில் இருக்கிறது. “ஆனா இவ ஒரு வாரந்தான் பொறுத்துப் பாப்பா. ஒத்து வரலன்னா தாண்டிப் போயிடுவா,” என்று என்னிடம் சொன்னாள். “குரலு கேட்டா ஏனத்தோட வாசல்ல நிக்கணும். பேசணும்னா நான் ஆசுபத்திரியிலதான் கெடப்பேன், அங்க வந்து பேசுங்க. எனக்கும் பொழுது போவணும்ல.”

அன்று பிற்பகல் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து மலருக்கான பக்கத்தை எழுதினேன். யாருடைய கஸ்டமரும் அல்ல என்ற வாக்கியத்தை அடித்துவிட்டேன். பொருளும் வேரும் வழக்கும் இருந்தன, நான் இல்லை. படித்துவிட்டுப் பாத்திரக்கடைக்காரர் கூப்பிட்டார். “தெளிவா இருக்கு சார். ஆனா கஸ்டமர்தான் தெய்வம்னு கடைசியில நாங்களே சேத்துக்கிட்டோம். இல்லன்னா முடிஞ்ச மாதிரி தெரியல.” இருக்கட்டும் என்றேன்.

புதன்கிழமை காலையில் சீக்கிரமே எழுந்துவிட்டேன். ஒரு வாக்கியம் வந்தது, எழுதவில்லை. மாடிக்குப் போகவில்லை. ஏனத்தைக் கழுவி வாசல் மதில்மேல் வைத்துவிட்டு, அதன் பக்கத்தில் நின்றேன். எதிர்வீட்டுப் பெரியவர் கதவைத் திறந்து, என்ன இந்நேரத்தில் என்று பார்த்தார். கிளியான் என்று சொல்லிவிட்டேன். அவருக்குப் புரியவில்லை.

தெருமுனையில் குரல் கேட்டது. மருமகள் எங்கள் கேட்டை நெருங்கும்போது நடையைக் குறைக்கவில்லை. மதிலிலிருந்து ஏனத்தை எடுத்துக் கையில் பிடித்தேன். இரண்டடி தாண்டிப் போய், ஏனத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள். சும்மாடோடு கூடையை இறக்கினாள்.

கிழங்கா தனியாக ஒரு பாலிதீன் பையில் இருந்தது. எங்கள் வீட்டை நினைத்து எடுத்தது. அவள் குந்தி உட்கார்ந்து செதில் தட்டத் தொடங்கினாள். கூடைக்குள் பார்த்தேன். ஐஸுக்கு நடுவில் பெரிய மீன் ஒன்று, வயிற்றில் வெள்ளி, முதுகில் விடியலுக்கு முந்தைய நிறம். அதன் கண்ணைப் பற்றி எனக்கு உடனே ஒன்று தோன்றியது. அடக்கிக்கொண்டு, முடிந்தவரை சாதாரணமாகக் கேட்டேன்.

“அது என்னம்மா அது?”

“அது டாக்டரு வூடு சார்.”

செதில்கள் சிமெண்டுத் தரையில் தெறித்தன. அவற்றுக்கும் ஓர் உவமை வந்தது. அது வந்த வழியே போகட்டும் என்று விட்டேன்.

மீனை ஏனத்தில் போட்டுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, சும்மாட்டைத் தலையில் வைத்தாள். கூடையின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். “ஒரு கை புடிங்க சார்.”

இத்தனை வருஷத்தில் அக்கா என்னிடம் அதைக் கேட்டதில்லை. மீனை வாங்கியதும் நான் உள்ளே பாதி வாக்கியத்துக்கு ஓடிவிடுவேன். அவள் எதிர்வீட்டுப் பெரியவரைத்தான் கூப்பிடுவாள். ஏனத்தை மதில்மேல் வைத்துவிட்டுக் குனிந்து பிடித்தேன். நான் நினைத்ததைவிடக் கூடை மிகவும் கனமாக இருந்தது. ஒரு பக்கம் சாய்த்துவிட்டேன். “நேராப் புடிங்க, நேரா,” என்றாள். இருவருமாகத் தூக்கி அவள் தலைக்கு ஏற்றினோம்.

“நாளைக்கு நெத்திலி. ஏனம் இதவிடப் பெருசா எடுத்தாந்து வைங்க,” என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

“சரிம்மா,” என்றேன். மீன்தண்ணீர் முழங்கை வழியாகச் சட்டைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.